என்.ஏ.ஏ. தெளித்தால் மணிச்சத்து வேண்டாமா?

"சோயாவுக்கு என்.ஏ.ஏ. தெளித்தால் போதும், சூப்பர் பாஸ்பேட் காசு மிச்சம்" என்று நீலகிரி விவசாயிகளிடையே வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. தவறு. என்.ஏ.ஏ. (நாப்தலீன் அசிட்டிக் அமிலம்) பூவும் பிஞ்சும் உதிர்வதைக் குறைக்கும் வளர்ச்சி ஊக்கி; சூப்பர் பாஸ்பேட் தரும் மணிச்சத்து (பாஸ்பரஸ்) அதில் துளியும் இல்லை.

நம் மலையின் புளிப்பு மண்ணில் இரும்பும் அலுமினியமும் மணிச்சத்தைப் பிடித்துக்கொள்ளும். அது கிடைக்காமல் செடி குட்டையாகி இலை கரும்பச்சையாகும்; காற்றின் தழைச்சத்தை (நைட்ரஜன்) சேர்க்கும் வேர் முடிச்சும் சரியாக வேலை செய்யாது. முடிச்சை நகத்தால் கீறிப் பாருங்கள்: உள்ளே இளஞ்சிவப்பு இல்லையென்றால் தழைச்சத்து சேரவில்லை.

மண் பரிசோதனைப்படி சுண்ணாம்பை விதைப்புக்கு 3 வாரம் முன்பே இடுங்கள். சூப்பரோடு கலக்கவே கூடாது. சூப்பர் ஏக்கருக்கு 200 கிலோ (மணிச்சத்து 32 கிலோ), விதை வரிசைக்கு 5 செ.மீ. தள்ளி, சற்று ஆழத்தில். வீசினால் பெரும்பகுதியை மண்ணே பிடித்துக்கொள்ளும்.

என்.ஏ.ஏ. 4.5 சதவீத மருந்து 10 லிட்டர் தண்ணீருக்கு 9 மி.லி.; பூக்குமுன் ஒருமுறை, 15 நாள் கழித்து மறுமுறை. அளவு கூடினால் இலை சுருளும், பூவும் கொட்டும்.