வாக்கர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான்

ரத்தினகிரியில் ஞாயிற்றுக்கிழமை நடந்ததைப் பற்றி இரண்டு நாளாக வாயைத் திறக்காமல் இருந்தேன். குடும்ப குரூப்பில் நீங்கள் எல்லோரும் பேசித் தீர்ப்பும் சொல்லிவிட்டீர்கள். பாப்பாவுக்குக் காது குத்தியது யாருக்கும் ஞாபகம் இல்லை. மாமா அவளுக்கு வாங்கி வந்து கொடுத்த சக்கர வாக்கரில் நான் அவளை உட்கார வைக்க மாட்டேன் என்றது மட்டும் கொணவட்டம் சித்தி வரைக்கும் போயிருக்கிறது. சரி, என் பங்குக்கு நானும் சொல்லிவிடுகிறேன்.

வாக்கர் வேண்டாம். அன்றைக்கும் அதைத்தான் சொன்னேன். பாட்டுப் பாடுகிறது, விளக்கு எரிகிறது, முன்னால் குட்டி ஸ்டியரிங் கூட இருக்கிறது. இருக்கட்டும். வேண்டாம்.

"நாமெல்லாம் நடைவண்டி தள்ளி வளர்ந்தவங்கதானே" என்று குரூப்பில் ஒருவர் கேட்டிருந்தார், அதற்குப் பதினோரு பேர் கைதட்டல் வேறு. ஆமாம், நானும் நடைவண்டிதான். மூன்று சக்கர மரவண்டி. ஆனால் அது வேறு, இது வேறு. எழுந்து நிற்கத் தெரிந்த பிள்ளைதான் நடைவண்டியைப் பிடிக்கவே முடியும். தன் காலில் நின்று தள்ளும், வண்டி ஓடினால் பொத்தென்று விழும், அழுதுவிட்டு மறுபடி பிடிக்கும். வாக்கரில் பிள்ளை துணியில் தொங்குகிறது. நுனிக்காலால் தரையை உந்துகிறது. சுற்றிலும் தட்டு இருப்பதால் தன் பாதத்தையே அது பார்க்க முடியாது. தவழ்ந்து, கட்டில் காலைப் பிடித்து எழுந்து, தடுமாறிப் பழக வேண்டிய நேரமெல்லாம் அந்தத் தொட்டிலில் போகிறது. இதனால் நடை தள்ளித்தான் போகும் என்று குழந்தை மருத்துவர்கள் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டார்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் இதைத் தடை செய்யச் சொல்கிறது. கனடாவில் 2004இலேயே தடை செய்துவிட்டார்கள். பழைய வாக்கரை அடுத்தவருக்கு விற்பது கூட அங்கே கூடாது.

"அது வெளிநாடு, மாடிப்படி வீடு, வாக்கரோடு பிள்ளை உருண்டு விழும்" என்பீர்கள். நம் வீட்டில் என்ன, படியே இல்லையா? சத்துவாச்சாரியில் எங்கள் வாசலில் மூன்று படி, அதை விட்டால் தெரு.

"பக்கத்துல நின்னு பார்த்துக்கோ." இதுதான் எல்லோரும் சுலபமாகச் சொல்வது. வாக்கரில் இருக்கும் பிள்ளை ஒரு விநாடியில் மூன்று அடிக்கு மேல் போய்விடும். என் அம்மாவும் பக்கத்தில்தான் இருந்தாள். காட்பாடியில் வாடகை வீடு, சமையல் தரையில், பம்பு ஸ்டவ். தம்பிக்கு ஒன்பது மாதம், வாக்கரில் இருந்தான், எனக்கு ஆறு வயது. அம்மா உப்பு ஜாடியை எடுக்கத் திரும்பினாள், அவ்வளவுதான். கொதிக்கிற பருப்பு அவன் வலது கையில், முழங்கை வரைக்கும். வாழையிலையில் அவனைப் படுக்க வைத்திருந்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. வாரக்கணக்கில் அம்மா யாரோடும் பேசவில்லை. "ஒரு பிள்ளையைப் பார்த்துக்கத் தெரியல" என்று அப்போது சொன்னவர்களில் சிலர் இந்த குரூப்பிலும் இருக்கிறார்கள்.

அந்த வாக்கரை மெட்ராஸிலிருந்து ஆசையாக வாங்கி வந்ததும் இதே மாமாதான். அதை யாரும் அவரிடம் சொல்லிக் காட்டியதில்லை, அம்மா விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்த தாய்மாமன் யார்? குரூப்பில் போட்ட போட்டோவைப் பெரிதாக்கிப் பாருங்கள், பாப்பாவின் தலையைப் பிடித்திருக்கும் கையைப் பாருங்கள்.

"உன் தம்பி இப்ப நல்லாத்தானே இருக்கான்?" நன்றாக இருக்கிறான். மே மாதத்தில், இந்த வேலூர் வெயிலில், முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு நன்றாக இருக்கிறான்.

அப்புறம் மரியாதை. பெரியவர் கொடுத்ததை நாலு பேர் முன்னால் மறுக்கலாமா? கூடாதுதான், ஒத்துக்கொள்கிறேன். என் குரல் உயர்ந்தது தப்பு. ஆனால் அதற்கு முன்னால் இரண்டு தடவை காதோடு சொன்னேனே, "மாமா, வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கலாம்" என்று. அதை மட்டும் யாரும் எழுதவில்லையே? "இன்னாம்மா, நீ இன்னா பெரிய டாக்டரா?" என்று அவர் கேட்டதும் பந்தியே சிரித்ததே, அது யாருக்கும் ஞாபகம் இல்லையா? நான் டாக்டர் இல்லை. சிப்காட்டில் ஷூ கம்பெனியில் கணக்கு எழுதுகிறவள். பாப்பாவுக்குக் கீச்சுக்கீச்சென்று சத்தம் போடும் ஷூ வாங்கிப் போடச் சொன்ன அத்தைக்கும் இதையே சொல்லிவிடுகிறேன், ஷூ கம்பெனிச் சம்பளத்தில் சாப்பிடுகிற நானே அவளை வீட்டுக்குள் வெறுங்காலோடுதான் விடுகிறேன்.

உண்மையில் வாக்கர் ஒரு சாக்கு. "பதிமூணு மாசம் ஆவுது, இன்னும் நடக்கல" என்பதுதான் பேச்சு. அதை என் முகத்துக்கு நேராகக் கேட்டிருக்கலாம். எட்டு மாதத்தில் நடக்கும் பிள்ளையும் உண்டு, பதினேழரை மாதத்தில் நடக்கும் பிள்ளையும் உண்டு, இரண்டும் சரிதான் என்று உலக சுகாதார நிறுவனமே அளவு வைத்திருக்கிறது. இரண்டு கைநாற்காலிக்கு நடுவே பாப்பா ஓர் எட்டு வைக்கிறாள், பயந்து உட்கார்ந்துகொள்கிறாள். அவள் அவசரப்படவில்லை. நீங்கள் ஏன் படுகிறீர்கள்? ஆறு மாதத்தில் "பல் முளைக்கலையா", ஒன்பதில் "தாத்தா சொல்லலையா", இப்போது நடை. பக்கத்து வீட்டுப் பிள்ளை பத்து மாதத்திலேயே ஓடினானாம். ஓடட்டும்.

இதே "வேண்டாம்" என் வீட்டுக்காரர் வாயிலிருந்து வந்திருந்தால் "அப்பனுக்கு எவ்வளவு அக்கறை பாரு" என்றிருப்பீர்கள். அவர் அன்றைக்கு வாயே திறக்கவில்லை, ஐஸ்கிரீம் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பஞ்சாயத்து தனி, அதை வீட்டில் பார்த்துக்கொள்கிறேன். நான் சொன்னால் மட்டும் அது திமிர், படிப்பு ஏறிய தலை. ராத்திரி இரண்டு மணிக்குக் காய்ச்சலில் அனத்தும் பிள்ளையைத் தோளில் போட்டு நடக்கும்போது மட்டும் முடிவெடுக்க யாரும் வருவதில்லை, அப்போது அவள் முழுக்க என் பிள்ளை.

மாமா, இதை உங்கள் மகள் உங்களுக்குப் படித்துக் காட்டுவாள் என்று தெரியும். உங்கள் ஆசை மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் மன்னிப்புக் கேட்கச் சொல்லி அம்மா மூலமாகத் தூது விட வேண்டாம்.

கடைசியாக, "உனக்கு வேணாம்னா எங்க பேரனுக்குக் குடு" என்று இன்பாக்ஸில் கேட்ட மூன்று பேருக்கு. தர மாட்டேன். நேற்றே சக்கரத்தையெல்லாம் கழற்றியாகிவிட்டது. மிச்சம் இருந்ததில் என் மாமியார் வெங்காயம் கொட்டி வைத்திருக்கிறார்.