யோகாவை வலிமைப் பயிற்சிக் கணக்கில் சேர்க்கலாமா?

"அதான் யோகா பண்றேனே, அப்புறம் எதுக்குத் தனியா வெயிட் தூக்கணும்?" என்று யாராவது கேட்டால் போதும், இரண்டு கோஷ்டிகள் கிளம்பிவிடும். யோகாவில் இல்லாதது எதிலுமே இல்லை என்று ஒரு கோஷ்டி. பாயை விரித்துப் போட்டு உடம்பை வளைப்பதெல்லாம் ஒரு பயிற்சியா என்று சிரிக்கிற இன்னொரு கோஷ்டி. நான் பல வருடங்களாக ஆசனம் செய்கிறவன், பளுவும் தூக்குகிறவன், இரண்டு பக்கமும் நண்பர்கள் உண்டு, இரண்டு பக்கமும் பேசுவதில் பாதியை என்னால் ஏற்க முடியவில்லை. என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யோகா வலிமைப் பயிற்சிதான், ஆனால் அது உங்கள் தசைக்குக் கஷ்டமாக இருக்கிற வரைக்கும்தான். பழகிப்போன ஆசனம் வேறு நூறு நல்லது செய்யலாம், பலத்தைக் கூட்டாது.

வலிமைப் பயிற்சி என்றால் என்ன என்பதில் பெரிய மர்மம் எதுவும் இல்லை. தசை தன்னால் முடிந்த எல்லைக்குப் பக்கத்தில் வேலை செய்ய வேண்டும், ஓய்வெடுத்துத் தேற வேண்டும், தேறிய பிறகு முன்பைவிடக் கொஞ்சம் கூடுதலான வேலை கொடுக்க வேண்டும். இந்த மூன்றாவது விஷயத்தைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறோம். 1940களில் அமெரிக்க ராணுவ மருத்துவமனையில் முழங்கால் அடிபட்ட வீரர்களுக்குச் சிகிச்சை கொடுத்துக்கொண்டிருந்தார் தாமஸ் டிலோர்ம் என்ற மருத்துவர். லேசான அசைவுகளைப் பல தடவை செய்ய வைப்பதுதான் அன்றைக்கு வழக்கம். இவர் அதை மாற்றினார், கனமான எடையைக் குறைந்த தடவை தூக்க வைத்தார், பலம் ஏற ஏற எடையையும் ஏற்றினார். 10 தடவைதான் தூக்க முடியும் என்கிற எடையை அளவுகோலாக வைத்துக்கொண்டார். 1945இல் அவர் எழுதிய கட்டுரையிலிருந்து இன்றைக்கு ஜிம்மில் நாம் செய்கிற செட், ரெப்ஸ் (எத்தனை சுற்று, சுற்றுக்கு எத்தனை தடவை) கணக்கு வரைக்கும் நேர்க்கோடு போடலாம். இதில் இரும்பு என்பது வசதிக்காகத்தான். எடையை இரண்டு கிலோ, ஐந்து கிலோ என்று துல்லியமாக ஏற்ற முடியும் என்பதைத் தாண்டி அதில் மாயம் எதுவும் கிடையாது.

சரி, இந்தக் கண்ணோடு யோகாவைப் பாருங்கள். சதுரங்க தண்டாசனம் என்பது பாதி இறங்கிய தண்டாலில் நிற்பது. தண்டால் நிலையில் உடல் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கைகளுக்கு வருகிறது, அதாவது 60 கிலோ எடையுள்ளவர் சுமார் 40 கிலோவைத் தாங்குகிறார். ஒரு தண்டால்கூட எடுக்க முடியாத ஒருவருக்கு இது கடுமையான வலிமைப் பயிற்சி, அதில் சந்தேகமே வேண்டாம். மார்பு, மேல்கையின் பின்பக்கத் தசையான ட்ரைசெப்ஸ், தோள்பட்டை எலும்பை விலாவோடு பிடித்து வைக்கும் தசை, வயிறு எல்லாம் சேர்ந்து திணறும். நாற்காலியில் உட்கார்வதுபோல் நிற்கிற உத்கடாசனத்தில் தொடை எரியும், நவாசனத்தில் வயிறு நடுங்கும், பகாசனத்தில் மணிக்கட்டும் தோளும் உடம்பு முழுவதையும் சுமக்கும். முழங்கைகளை வயிற்றில் ஊன்றி உடம்பைக் கிடையாகத் தூக்கி நிறுத்துகிற மயூராசனத்தைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், ஜிம்முக்குப் போகிற பல பேர் அதில் மூக்கை உடைத்துக்கொள்வார்கள்.

2011இல் வெளியான இந்திய ஆய்வு ஒன்றில், சூரிய நமஸ்காரத்தை நாளுக்கு 24 சுற்று, வாரத்துக்கு 6 நாள், 24 வாரம் செய்தவர்களுக்கு பெஞ்ச் பிரஸ்ஸில் (மல்லாந்து படுத்து எடையை மார்புக்கு மேலே தள்ளுவது) தூக்க முடிகிற எடை கூடியிருந்தது. பெஞ்ச் பிரஸ் பயிற்சியே செய்யாமல் பெஞ்ச் பிரஸ் கூடுகிறது என்றால் ஆசனத்தால் பலம் வராது என்று எப்படிச் சொல்வது? ஜிம் கோஷ்டி இதைக் கவனிக்க வேண்டும்.

ஆனால் அந்த 24 வாரத்துக்கு அப்புறம் என்ன நடக்கும்? அதே 24 சுற்றை இன்னும் ஐந்து வருடம் செய்தால் பெஞ்ச் பிரஸ் ஏறிக்கொண்டே போகுமா? போகாது. உடம்பு தனக்குத் தேவையான பலத்தைச் சேர்த்துக்கொண்டு அங்கேயே நின்றுவிடும், அதுதான் அதன் சுபாவம். அப்போது நம் ஆட்கள் என்ன செய்கிறார்கள் என்றால் 24ஐ 54 ஆக்குகிறார்கள், 54ஐ 108 ஆக்குகிறார்கள். 108 சுற்று செய்வது பெரிய விஷயம்தான், மறுக்கவில்லை, அது தாக்குப்பிடிக்கும் சக்தியை வளர்க்கிறது. ஒரு தசையால் 108 தடவை செய்ய முடிகிற வேலை அதன் எல்லைக்குப் பக்கத்தில் இல்லை, அவ்வளவுதான் நான் சொல்வது. லேசான எடையிலும், இனி ஒன்றுகூட முடியாது என்கிற நிலை வரை போனால் தசை வளரும் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனால் ஒரே மூச்சில் அதிகபட்சம் எவ்வளவு தூக்க முடியும் என்கிற வலிமைக்குக் கனமான எடைதான் கூடுதலாக உதவுகிறது. அதுவும் போக, யோகா வகுப்பில் யாரும் கை கால் ஓய்ந்து விழும் வரை செய்வதில்லை, செய்யவும் விடமாட்டார்கள்.

யோகாவிலும் படிப்படியாகக் கடினமாக்கிக்கொண்டே போகலாமே என்று சொல்வார்கள். போகலாம். ஆனால் அந்தப் படிகளில் பெரும்பாலானவை எந்தப் பக்கம் போகின்றன என்று யோசித்துப் பாருங்கள். இன்னும் ஆழமாகக் குனிவது, இன்னும் முறுக்குவது, காலைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோவது. எல்லாம் நெகிழ்வு. வலிமைப் பக்கம் போகிற படிகள் கையில் நிற்கிற ஆசனங்களில் இருக்கின்றன, குதிக்காமல் மெதுவாகத் தரையிலிருந்து கைநிலைக்கு உடம்பை ஏற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், ஜிம்னாஸ்டிக் வீரர்களுக்குச் சமமான பலம் அது. அவர்களிடம் போய் நீ செய்வது வலிமைப் பயிற்சி இல்லை என்று சொன்னால் அது அறியாமை. ஆனால் வாரத்துக்கு இரண்டு நாள் வகுப்புக்குப் போய்க் கடைசிப் பத்து நிமிடம் சவாசனத்தில் படுத்துவிட்டு வருகிற நம்மில் எத்தனை பேர் அந்தப் பக்கம் போகிறோம்?

அடுத்தது, என்னைப் பொறுத்தவரை மிகப் பெரிய ஓட்டை: இழுத்தல். தரையை அழுத்தலாம், தள்ளலாம், இழுக்க முடியாது. ஒரு மணி நேர யோகா வகுப்பை மனதுக்குள் ஓட்டிப் பாருங்கள், கையால் எதையாவது கனமாக உங்களை நோக்கி இழுக்கிற தருணம் ஒன்று இருக்கிறதா? சலபாசனமும் கையூன்றாத புஜங்காசனமும் முதுகுத்தண்டை ஒட்டிய தசைகளுக்கு நல்ல வேலை கொடுக்கும். ஆனால் முதுகின் பக்கவாட்டில் விரிந்திருக்கும் அந்தப் பெரிய தசைக்கும், மேல்கையின் முன்பக்கத் தசையான பைசெப்ஸுக்கும், பிடிக்கும் பலத்துக்கும் பாயில் ஒன்றுமே இல்லை. நாளெல்லாம் கீபோர்டு முன்னால் தோளைக் கூனிக்கொண்டு உட்கார்கிறவர்கள், மாலையில் வந்து சதுரங்கத்திலேயே முப்பது நாற்பது தடவை இறங்கி எழுந்தால், தள்ளும் தசைகள் மட்டும் உழைத்துக்கொண்டே இருக்கும். தோளின் முன்பக்கம் வலிக்கிறது என்று சொல்லும் யோகா நண்பர்களிடம் நான் முதலில் கேட்பது இழுக்கிற பயிற்சி ஏதாவது உண்டா என்றுதான்.

தொடையின் பின்பக்கத் தசைக்கும் இதே கதை. காலை நீட்டி உட்கார்ந்து முன்னால் குனிகிற பச்சிமோத்தானாசனத்தில் தொடங்கி அதை நீட்டி நீட்டி வைக்கிறோம், நீண்ட நிலையில் அதன் மேல் பளு ஏற்றுவது அபூர்வம். உட்காரும் எலும்பில், அந்தத் தசைநார் ஒட்டுகிற இடத்தில், தீராத வலி வந்து அவதிப்படுகிற பழைய யோகா ஆட்களை எனக்குத் தெரியும். வலி வந்தால் இன்னும் நன்றாக நீட்டுகிறார்கள், அது இன்னும் மோசமாகிறது. அப்படி நோகிற தசைநாருக்கு இப்போது சொல்லப்படும் வைத்தியம் பெரும்பாலும் மெல்ல மெல்லப் பளுவைக் கூட்டுவதுதான்.

கால் விஷயத்தில் இன்னொன்று. நம் கால்கள் ஏற்கெனவே நாள் முழுக்க உடம்பைச் சுமக்கின்றன, உடம்பு எடை அவற்றுக்குப் பெரிய செய்தியே இல்லை. முன்காலை மடக்கி நிற்கிற வீரபத்ராசனத்தில் ஒரு நிமிடம் நின்றால் எரியும், ஆமாம். எரிச்சலும் பலமும் ஒன்றல்ல. அசையாமல் பிடித்து நிற்கிற பயிற்சியில் பலம் பெரும்பாலும் அந்தக் கோணத்தை ஒட்டித்தான் கூடும், முழங்கால் பாதி மடங்கிய நிலையில் நன்றாக நிற்கிறவர் முழுக்கக் குந்தி எழும்போது தடுமாறலாம்.

உலக சுகாதார நிறுவனம் 2020இல் புதுப்பித்த வழிகாட்டுதலில், பெரியவர்கள் வாரத்துக்குக் குறைந்தது 2 நாளாவது முக்கியமான தசைத் தொகுதிகள் எல்லாவற்றுக்கும், மிதமான அல்லது அதற்கு மேற்பட்ட தீவிரத்தில் பயிற்சி தர வேண்டும் என்று இருக்கிறது. "எல்லாவற்றுக்கும்" என்பதை நம்மவர்கள் தாண்டிப் போய்விடுகிறார்கள். அமெரிக்க அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி, தசை வலுவூட்டும் பயிற்சிகளில் யோகாவையும் சேர்த்திருக்கிறது, ஆனால் "சில வகை யோகா" என்று கவனமாகச் சொல்கிறது. அது சரியான வார்த்தை என்பேன். அஷ்டாங்க முறையில் வியர்க்க வியர்க்கச் செய்வதும், தலையணை வைத்துக்கொண்டு ஐந்து நிமிடம் ஒரே நிலையில் தளர்ந்து கிடப்பதும் ஒரே பெயரில் ஓடிக்கொண்டிருக்கின்றன. பின்னதும் நல்லதுதான், எனக்குத் தூக்கம் வராத நாட்களில் அதுதான் கைகொடுக்கிறது. வலிமைக் கணக்கில் அதை எழுதாதீர்கள்.

இதையெல்லாம் ஏன் இவ்வளவு நீட்டி முழக்குகிறேன் என்றால் வயதுதான் காரணம். முப்பதைத் தாண்டினால் ஒவ்வொரு பத்து வருடத்துக்கும் தசையில் 3 முதல் 8 சதவீதம் வரை கரைகிறது, அறுபதுக்கு மேல் இன்னும் வேகமாக. இருபத்தைந்து வயதுக்காரருக்கு இந்த விவாதம் பொழுதுபோக்கு. ஐம்பதைத் தாண்டியவருக்கு, அதிலும் மாதவிடாய் நின்ற பெண்களுக்கு, இது தடுக்கி விழுந்தால் இடுப்பு உடையுமா உடையாதா என்கிற கேள்வி. எலும்பு அடர்த்தி குறைந்த பெண்களை வைத்து ஆஸ்திரேலியாவில் நடந்த லிஃப்ட்மோர் ஆய்வின் முடிவு 2018இல் வந்தது. வாரத்துக்கு 2 தடவை, ஒவ்வொரு தடவையும் 30 நிமிடம், 8 மாதம், டெட்லிஃப்ட் (தரையிலிருந்து எடையைத் தூக்கி நிமிர்வது), ஸ்குவாட் (எடையோடு குந்தி எழுவது), தலைக்கு மேல் தூக்குதல், கூடவே குதித்து இறங்குதல். அதுவும் அவர்களால் அதிகபட்சம் தூக்க முடிகிற எடையில் 85 சதவீதத்துக்கு மேல், பயிற்சியாளரின் நேரடிக் கண்காணிப்பில். கீழ்முதுகில் எலும்பு அடர்த்தி கூடியது. அதற்கும் முன்னால், 1990இல் தொண்ணூறு வயதை ஒட்டியவர்களை வைத்து ஒரு சின்ன ஆய்வு நடந்தது. வெறும் 8 வாரக் கனமான பயிற்சியில் அவர்களுடைய கால் பலம் சராசரியாக 174 சதவீதம் ஏறியது. தொண்ணூறு வயதில்! "இந்த வயசுக்கு மேல யோகா மட்டும் போதும்மா" என்று அம்மாக்களிடம் சொல்கிற பிள்ளைகள் இதைக் கொஞ்சம் படித்துவிட்டுச் சொல்லலாம். எலும்பு தேய்ந்தவர்களுக்கு முதுகை வளைத்து ஆழமாக முன்னால் குனிகிற ஆசனங்கள்தான் ஆபத்து, முதுகெலும்பு நொறுங்கலாம். யோகா என்றாலே பாதுகாப்பு, பளு என்றாலே ஆபத்து என்கிற நினைப்பு அங்கே தலைகீழாகிறது.

இந்தப் பக்கம் இவ்வளவு திட்டியாயிற்று, அந்தப் பக்கத்தையும் விடக்கூடாது. ஜிம்முக்குப் போய் அதே ஐந்து கிலோ டம்பெல்லை மூன்று வருடமாக ஆட்டிக்கொண்டிருப்பவர் செய்வதும் வலிமைப் பயிற்சி இல்லை, அது கைவீசல். அவருக்கு ஒழுங்கான சதுரங்கம் பத்து மடங்கு மேல். ஒற்றைக் காலில் நிற்கும் சமநிலை, கணுக்காலின் பிடிப்பு, மூட்டின் கடைசி எல்லையில்கூட உடம்பைக் கட்டுக்குள் வைத்திருப்பது, இதையெல்லாம் மெஷின்கள் கற்றுத்தருவதில்லை. ரத்த அழுத்தத்துக்கு எந்தப் பயிற்சி அதிகம் உதவுகிறது என்று 270 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த கட்டுரை ஒன்று 2023இல் வந்தது, அதில் முன்னால் நின்றது அசையாமல் பிடித்து நிற்கும் பயிற்சி, குறிப்பாகச் சுவரில் சாய்ந்து நாற்காலி போல் நிற்பது. உத்கடாசனத்துக்கு ஒன்றுவிட்ட தம்பி அது. மூச்சை அடக்கிக்கொண்டு செய்யக்கூடாது என்பதையும் யோகா வாத்தியார்தான் நன்றாகச் சொல்லித்தருவார்.

உங்கள் யோகா உங்களுக்கு வலிமைப் பயிற்சியா என்று தெரிந்துகொள்ள யாரையும் கேட்க வேண்டாம். ஆசனத்திலிருந்து வெளியே வரும்போது, இன்னும் எவ்வளவு நேரம் நின்றிருக்க முடியும் என்று நேர்மையாகக் கணக்குப் போடுங்கள். இன்னும் ஐந்தாறு விநாடிதான் என்றால் சரி, இன்னும் ஒரு நிமிடம் என்றால் அது உங்கள் பலத்தைப் பராமரிக்கிறது, அவ்வளவுதான். போன வருடத்தைவிட இந்த வருடம் என்ன கூடியிருக்கிறது என்றும் பாருங்கள், நெகிழ்வைத் தவிர வேறு பதில் வரவில்லையென்றால் ஓட்டையை அடைக்க வேண்டியதுதான். அதற்கு ஜிம் சந்தா கட்டாயமில்லை. தொங்க ஒரு கம்பி, இல்லையென்றால் இழுக்க ஒரு ரெசிஸ்டன்ஸ் பேண்ட், அதாவது பயிற்சிக்கான ரப்பர் பட்டை. முதுகை நேராக வைத்து இடுப்பிலிருந்து குனிந்து தூக்க ஏதாவது கனமான பொருள், புத்தகம் நிரப்பிய பையானாலும் சரி. சதுரங்கத்தில் ஐந்து விநாடி எடுத்து மெதுவாக இறங்கலாம், அதுவும் சுலபமாகிவிட்டால் காலை உயரத்தில் வைத்து இறங்கலாம். வாரத்துக்கு இரண்டு நாள் இதற்குப் போதும், மற்ற நாளெல்லாம் பாயில் இருங்கள்.

இரண்டையும் ஒரே நாளில் செய்கிறவர்கள் எதை முதலில் செய்வது என்று நிறையப் பேர் இன்பாக்ஸில் கேட்கிறீர்கள். நான் பளுவை முதலில் முடித்துவிடுவேன். ஒரு தசையை ஒரு நிமிடத்துக்கு மேல் அசையாமல் நீட்டி வைத்தால் கொஞ்ச நேரத்துக்கு அதன் பலம் சற்றுக் குறைகிறது, அந்த நேரத்தில் போய்க் கனமாகத் தூக்குவானேன். சூரிய நமஸ்காரம் இரண்டு மூன்று சுற்று வேகமாகச் செய்தால் உடம்பு சூடாகும், அது முன்னால் இருக்கட்டும். நீண்ட ஆசனங்களெல்லாம் கடைசிக்கு.