மூவரும் பார் கவுன்சில்காரர்கள் அல்லர்
வழக்கறிஞர் மீதான புகாரை விசாரிப்பது, வழக்கறிஞர்களைப் பதிவு செய்து ஒழுங்குபடுத்தும் மாநில பார் கவுன்சிலின் ஒழுங்கு நடவடிக்கைக் குழு. ‘அந்தக் குழுவில் மூவருமே பார் கவுன்சில் உறுப்பினர்கள்தாம், அவர்கள் புகாரைத் தள்ளிவிட்டால் அத்தோடு கதை முடிந்தது’ என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டும் தவறு.

1961-ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டம், 9-வது பிரிவைப் பாருங்கள். குழுவில் மூன்று பேர். இருவரைத்தான் கவுன்சில் தன் உறுப்பினர்களிலிருந்து தேர்ந்தெடுக்கும். மூன்றாமவர் கவுன்சிலில் இல்லாத, குறைந்தது பத்தாண்டு அனுபவமுள்ள வழக்கறிஞர். மூவரில் தொழிலில் மூத்தவரே தலைவர் என்பதால், அந்த வெளியாளே தலைமை நாற்காலியில் அமரவும் கூடும்! மூவரும் வழக்கறிஞர்கள்தானே என்று கேட்டால், ஆம். அந்தக் குறையை நானும் மறுக்கவில்லை.

முடிவு பிடிக்காவிட்டால் 60 நாட்களுக்குள் இந்திய பார் கவுன்சிலுக்கு மேல்முறையீடு செய்யலாம். புகார் கொடுத்தவருக்கும் அந்த உரிமை உண்டு. அதற்கும் மேலே உச்ச நீதிமன்றம் இருக்கிறது.

புகார் வந்து ஓராண்டுக்குள் மாநிலக் குழு விசாரித்து முடிக்காவிட்டால், சட்டப்படி அது இந்திய பார் கவுன்சிலுக்கு மாறிவிடும் (36பி பிரிவு). புகார் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர்கள் முதலில் தேதியை எண்ணிப் பாருங்கள்.