முதலில் வாயைத் திறக்கட்டும், மன்னிப்பைப் பிறகு பேசுவோம்

"நடந்தது நடந்துவிட்டது, மன்னித்துவிட்டுப் போங்களேன்" என்று சொல்கிறவர்களைக் கவனித்துப் பாருங்கள். அடிபட்டவர் அநேகமாக அவர்களாக இருக்க மாட்டார்கள். பெருந்தன்மைக்குச் சாட்சியாக உடனே தென்னாப்பிரிக்காவை இழுப்பார்கள். மண்டேலா மன்னித்தார், பேராயர் டுட்டு மன்னிக்கச் சொன்னார், நாடு பிழைத்தது என்பார்கள். பாதிக் கதைதான் இது.

நிறவெறி ஆட்சிக் காலத்துக் குற்றங்களை வெளிக்கொண்டுவர 1996-இல் அங்கே விசாரணையைத் தொடங்கிய உண்மை மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு பொதுமன்னிப்பைச் சும்மா அள்ளி வழங்கவில்லை. குற்றத்துக்கு அரசியல் நோக்கம் இருந்திருக்க வேண்டும். செய்ததை ஒன்றுவிடாமல் சொல்ல வேண்டும். ஏழாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் விண்ணப்பித்தார்கள், பெரும்பாலோர் வெறுங்கையோடு திரும்பினார்கள். வருந்தியாக வேண்டும் என்று சட்டம் கேட்கவில்லை. அந்த ஏற்பாட்டில் எனக்குப் பிடித்ததே அதுதான். கண்ணீரை நடித்துவிடலாம், யாரை, எங்கே, எப்படி என்பதை நடிப்பது கடினம்.

1997-இல் கேப் டவுனில் ஜெஃப்ரி பென்சீன் என்ற பாதுகாப்புப் பிரிவு போலீஸ் அதிகாரி விசாரணைக்கு வந்தார். கைதிகளின் தலையில் ஈரத்துணிப் பையை மாட்டி மூச்சுத் திணற வைப்பது அவருடைய வழக்கம். அதை அனுபவித்த டோனி யெங்கெனி, அப்போது நாடாளுமன்ற உறுப்பினர், "செய்து காட்டுங்கள்" என்றார். ஒருவர் தரையில் குப்புறப் படுத்தார். பென்சீன் அவர் முதுகில் ஏறி உட்கார்ந்து, பையை மாட்டிக் காட்டினார். கேள்வி தொடர்ந்தபோது, சித்திரவதையில் யெங்கெனி தன் தோழரைக் காட்டிக்கொடுத்ததை அதே சபையில் நினைவூட்டவும் செய்தார். 1999-இல் பென்சீனுக்குப் பொதுமன்னிப்பு கிடைத்தது. படிக்கும்போதே வயிறு எரிகிறது. ஆனாலும் அந்தப் பை இல்லவே இல்லை என்று இனி ஒருவரும் சாதிக்க முடியாது. அந்த அளவுக்கு இந்தப் பேரத்தை நான் ஏற்றுக்கொள்வேன்.

ஏற்க முடியாதது அடுத்து நடந்ததுதான். வாயே திறக்காதவர்கள் மீதும் மன்னிப்பு மறுக்கப்பட்டவர்கள் மீதும் வழக்கு நடத்த வேண்டும் என்பது பேரத்தின் மறுபாதி. சுமார் முந்நூறு வழக்குகள் அரசு வழக்குத் தொடுப்புத் துறைக்குப் போயின. பெரும்பாலானவை அங்கேயே உறங்கின.

நிறவெறியை எதிர்த்த அகமது தீமோல் என்ற ஆசிரியர் 1971-இல் காவலில் இருந்தபோது ஜோகன்னஸ்பர்க் போலீஸ் தலைமையகத்தின் பத்தாவது மாடியிலிருந்து விழுந்து இறந்தார். தற்கொலை என்று விசாரணை முடிந்தது. குடும்பம் விடவில்லை. 2017-இல் நீதிமன்றம் அது கொலை என்றது. அன்று அந்த அறையில் இருந்த போலீஸ்காரர் ரோட்ரிகஸ் மீது 2018-இல் குற்றம் சாட்டப்பட்டது. விசாரணை நடக்காமலேயே 2021-இல் அவர் இறந்துபோனார். அந்தக் குடும்பத்திடம் போய் "மன்னித்துவிடுங்கள்" என்றால், யாரை, எதற்காக என்று அவர்கள் கேட்க மாட்டார்களா? ஒப்புக்கொள்ளவே ஆள் இல்லாத குற்றத்தை எப்படி மன்னிப்பது?

இந்த வழக்குகள் ஏன் கிடப்பில் போடப்பட்டன என்று ஆராய 2025-இல் அதிபர் ராமபோசா புதிதாக ஓர் ஆணையம் அமைத்திருக்கிறார். அதுவும் பாதிக்கப்பட்ட குடும்பங்கள் அரசையே நீதிமன்றத்துக்கு இழுத்த பிறகுதான்.