மறுக்க இடம் தராத அழைப்பு

சனிக்கிழமை மாலை அந்தக் கண்காட்சியில் நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும், காணொளியையும் பார்த்திருப்பீர்கள். கைப்பையை மார்போடு அணைத்தபடி வெளியேறும் அந்த முதிய பெண் என்னுடைய சின்னம்மா. "நம்மவர்களுக்குச் சமகாலக் கலை இன்னும் பழகவில்லை" என்று அதன்கீழ் ஒருவர் எழுதியிருந்ததைப் படித்த பிறகே இதை எழுதுகிறேன்.

இழந்த ஒன்றைத் தாளில் எழுதிச் சுவரில் குத்திவிட்டு, அதை ஒலிவாங்கியில் வாசிக்க வேண்டும் என்பதே அந்தப் படைப்பு. சின்னம்மா இரண்டு சொற்கள் எழுதிக் குத்தினார். வாசிக்க விருப்பமில்லை என்றார். நீங்கள் வாசித்தால்தான் படைப்பு முழுமை பெறும் என்று உதவிக்கு நின்றவர் மூன்று முறை சொன்னார். மூன்றாவது முறை கமெரா சின்னம்மாவின் முகத்துக்கு நேரே வந்துவிட்டது. மறுக்க இடம் இல்லாவிட்டால் அது அழைப்பு அல்ல.

கலை மனிதரைச் சங்கடப்படுத்தத்தான் வேண்டும் என்பீர்கள். சரி, முதலில் யாரை? 1964இல் ஜப்பானின் கியோட்டோவில் கலைஞர் யோகோ ஓனோ மேடையில் அமர்ந்து, தன் உடையை வெட்டி எடுக்கும்படி பார்வையாளர்களை அழைத்தபோது கத்தரிக்கோலின் முனை அவருடைய உடலின் பக்கமே இருந்தது. 1974இல் இத்தாலியின் நேப்பிள்ஸில் நிகழ்த்துகலைஞர் மரினா அப்ரமோவிச் 72 பொருட்களை மேசையில் பரப்பி, இவற்றில் எதையும் என்மீது பயன்படுத்தலாம் என்று ஆறு மணி நேரம் நின்றார். அவற்றுள் துப்பாக்கியும் தோட்டாவும் இருந்தன. ஆபத்தை அழைத்தவர் ஏற்றார், வந்தவர் தொடாமலே திரும்பிப் போகலாம்.

இழப்பைப் பற்றித்தான் பேச வேண்டுமென்றால் பீலிக்ஸ் கொன்சாலெஸ்-டொரெஸ் இருக்கிறார். தன் காதலர் ரோஸ் எயிட்ஸ் நோயால் இறந்த 1991ஆம் ஆண்டிலேயே, ரோஸின் உடல் எடையைக் குறிக்கும் 175 இறாத்தல் மிட்டாயை அவர் ஒரு மூலையில் குவித்தார். வருபவர் ஒன்றை எடுக்கலாம், எடுக்காமலும் போகலாம். இழப்பு கலைஞருடையது, நம்மிடம் அவர் அதைக் கேட்கவில்லை.

அப்படியானால் பிறருடைய இழப்பைக் கலைஞர் தொடவே கூடாதா என்றால், தொடலாம். யாழ்ப்பாணத்து ஓவியர் தாமோதரம்பிள்ளை சனாதனன் தொட்டார். இடம்பெயர்ந்தவர்கள் விட்டுவந்த வீடுகளை நினைவிலிருந்து வரைந்த கோடுகளும், அவற்றிலிருந்து உருவான கட்டட வரைபடங்களும், அவர் தீட்டிய சித்திரங்களும் சேர்ந்து 2011இல் நூலாக வந்தன. கேட்டவரும் பதிலுக்கு உழைத்தார். சனிக்கிழமை சின்னம்மாவிடம் கேட்டவர்கள் பதிலுக்கு என்ன தந்தார்கள்?

அந்தக் கலைஞர் இளையவர், நல்ல நோக்கத்தோடுதான் செய்தார் என்கிறீர்கள். இருக்கட்டும்.

நான் பழமைவாதி என்பவர்களுக்குப் பதில் சொல்ல எனக்கு மனமில்லை. ஒன்றை மட்டும் அறிந்துகொள்ளுங்கள். 1995இல் போரால் யாழ்ப்பாணத்து வலிகாமத்தை விட்டு வெளியேறிய பின், இழந்தவற்றைப் பட்டியலிடும்படி எத்தனையோ படிவங்கள் சின்னம்மாவின் கைக்கு வந்தன. தையல் இயந்திரம், நீர் இறைக்கும் இயந்திரம், பித்தளை அண்டா இரண்டு என்று ஒவ்வொரு முறையும் அதே வரிசையில் எழுதினார். பக்கத்தில் இருந்து பெறுமதி நிரலை நிரப்பியவன் நான். அப்போது எனக்குப் பதினொரு வயது. அத்தனை மேசைகளின் முன்னும் எழுதிக் களைத்தவரிடம், கொழும்பு வெள்ளவத்தையில் ஓர் அறைக்குள் அமைதியாக வாழப் பழகிய பிறகு, மீண்டும் ஒரு தாளை நீட்டிச் சத்தமாக வாசியுங்கள் என்றால் அவர் எழுந்து போகாமல் என்ன செய்வார்? அவருக்குக் கலை பழகவில்லை என்று எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது? அவரை அங்கே கூட்டிப்போனவன் நான், அதனால்தான் இவ்வளவு எரிகிறது.

நேற்று இரவு சாப்பிடும்போது சின்னம்மா ஒன்றுதான் கேட்டார்: "தம்பி, அந்தத் தாள் இன்னும் அங்கேதான் இருக்குதா?"

ஏற்பாட்டாளர்கள் இதைப் படித்தால், காணொளியை இன்றே நீக்குங்கள். கதவிலிருந்து இரண்டாவது வரிசையில், நீல மையில் எழுதிய தாள் அவருடையது. அதைக் கழற்றி வையுங்கள். நாளை காலை நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.