உளவியலை இளக்காமல் கற்பிக்க வேண்டிய இடம்

நியூயார்க் நகரின் சமுதாயக் கல்லூரி ஒன்றில் உளவியல் அறிமுகப் பாடம் நடத்திவருகிறேன். என் வகுப்பில் அமர்பவர்களில் பெரும்பாலோருக்கு உளவியலில் அதுவே முதல் பாடம். கடைசிப் பாடமும் அதுவாகவே இருக்கும். செவிலியர் படிப்பில் சேர அது தேவை என்பதால் வருபவர்கள் உண்டு; பொதுக்கல்விப் பாடங்களில் ஒன்றை முடித்தாக வேண்டும் என்பதற்காக வருபவர்கள் உண்டு; வீட்டில் யாருக்கோ நேர்ந்ததைப் புரிந்துகொள்ள வேண்டும் என்று, வெளியே சொல்லாத காரணத்தோடு வருபவர்களும் உண்டு. இத்தகைய வகுப்புக்கு ஆய்வுமுறைகளையும் புள்ளியியலையும் ஒதுக்கிவிட்டு, மன அழுத்தத்தைச் சமாளிப்பது எப்படி என்னும் அளவில் எதையாவது கொடுத்தால் போதும் என்ற எண்ணத்தை ஆசிரியர்கள் பலரிடம் கண்டிருக்கிறேன். அது இரக்கத்தால் எழும் எண்ணம் என்பதை அறிவேன். ஆயினும் அது தவறு. இத்துறையை அதன் முழு வலுவோடு கற்பிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டென்றால், அது இந்த வகுப்பறைதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இக்கல்லூரிகளின் இயல்பைத் தெரியாதவர்களுக்காகச் சில சொற்கள். அமெரிக்காவின் முதல் அரசு சமுதாயக் கல்லூரி 1901-இல் இலினாய் மாநிலத்தின் ஜோலியட் நகரில் தொடங்கியது. அதிபர் ட்ரூமன் அமைத்த உயர்கல்வி ஆணையம் 1947-இல், வீட்டிலிருந்து போய்வரக்கூடிய தொலைவில், எளிய மக்களுக்கும் எட்டும் செலவில் இத்தகைய கல்லூரிகள் நாடெங்கும் வேண்டும் என்று பரிந்துரைத்தது. இன்று ஏறத்தாழ ஆயிரம் கல்லூரிகள் இருக்கின்றன. பள்ளிப் படிப்பை முடித்த சான்றிதழோ அதற்கு இணையானதோ இருந்தால் போதும், மதிப்பெண்ணைக் காட்டி யாரையும் வாசலில் நிறுத்துவதில்லை. நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் 1970-இல் நகரில் பள்ளி முடித்த எல்லோருக்கும் தன் கல்லூரிகளின் கதவைத் திறந்தது தானாக நிகழ்ந்ததன்று. அதற்கு முந்தைய ஆண்டு கறுப்பின, புவேர்ட்டோ ரிக்கோ மாணவர்கள் சிட்டி கல்லூரி வளாகத்தைக் கைப்பற்றிப் போராடியதன் விளைவு அது. இங்குள்ள நம் தமிழ்க் குடும்பங்கள் சில, பிள்ளை சமுதாயக் கல்லூரியில் சேர்ந்ததைத் தயங்கித் தயங்கிச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். இரண்டாண்டு அங்கே படித்துவிட்டு நான்காண்டுக் கல்லூரிக்கு மாறிச் செல்வது இந்நாட்டில் இயல்பான ஒரு வழி. அதில் தயங்குவதற்கு ஒன்றும் இல்லை.

என் மாணவர்களில் பதினெட்டு வயதினரும் இருக்கிறார்கள், பேரப்பிள்ளை எடுத்தவர்களும் இருக்கிறார்கள். இரவு முழுவதும் முதியவர் ஒருவரைப் பராமரித்துவிட்டு நேரே காலை வகுப்புக்கு வருபவர், இராணுவத்திலிருந்து திரும்பியவர், வங்காளதேசத்திலோ ஈக்வடாரிலோ பள்ளி முடித்து ஆங்கிலத்தை நான்காம் மொழியாகக் கற்றவர், சிறையிலிருந்து வந்து புதிதாகத் தொடங்குபவர் என்று எல்லோரும் ஒரே வரிசையில் அமர்கிறார்கள். இவர்கள் முன்னால் நின்று 'மனிதர்கள் இப்படித்தான் நடந்துகொள்வார்கள்' என்று சொல்லும்போது, அந்த மனிதர்கள் யார் என்ற கேள்வி எழாமல் இருக்காது.

அந்தக் கேள்விக்கு உளவியலிடம் நல்ல விடை நெடுங்காலம் இருக்கவில்லை. அமெரிக்க உளவியலின் முன்னணி ஆய்விதழ்கள் ஆறில் 2003 முதல் 2007 வரை வெளியான கட்டுரைகளை ஜெஃப்ரி ஆர்னெட் ஆராய்ந்து 2008-இல் வெளியிட்டார். ஆய்வுக்கு உட்பட்டவர்களில் 68 விழுக்காட்டினர் அமெரிக்கர்கள். 96 விழுக்காட்டினர் தொழில்வளம் மிக்க மேலைநாடுகளைச் சேர்ந்தவர்கள். அவற்றில் ஆளுமை, சமூக உளவியலுக்கான இதழில் வந்த அமெரிக்க ஆய்வுகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, உளவியல் பாடம் படிக்கும் இளங்கலை மாணவர்களை மட்டுமே கொண்டு நடத்தப்பட்டவை. 2010-இல் ஹென்ரிக், ஹைனே, நோரன்சயன் ஆகிய மூவரும் இதை விரிவாக்கி, காட்சிப் பிழைகள் முதல் நியாய உணர்வு வரை பலவற்றில் இந்தச் சிறு கூட்டம் மனிதகுலத்தின் சராசரியாக இல்லை, ஓர் ஓரத்தில் நிற்கிறது என்று காட்டினார்கள். என் மாணவர்கள் பாடநூலில் தங்களைக் காணாததற்கான காரணம் இதுவே. இதை அவர்களிடம் மறைக்கவேண்டியதில்லை. முதல் வாரத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

மார்ஷ்மெல்லோ பரிசோதனையைப் பற்றிச் சற்று நின்று பேச விரும்புகிறேன், ஏனெனில் நான் சொல்ல வருவது அதில்தான் மிகத் தெளிவாகத் தெரிகிறது. உளவியலாளர் வால்டர் மிஷல் 1960-களின் இறுதியிலிருந்து ஸ்டான்ஃபோர்டு வளாகத்தில் இருந்த பிங் மழலையர் பள்ளியில் இதை நடத்தினார். குழந்தையின் முன் மார்ஷ்மெல்லோ போன்ற ஓர் இனிப்பு வைக்கப்படும். நான் திரும்பி வரும்வரை உண்ணாமல் இருந்தால் இரண்டு தருவேன் என்று சொல்லிவிட்டு ஆய்வாளர் வெளியேறுவார். பொறுத்திருந்த பிள்ளைகள் பின்னாளில் படிப்பிலும் பிறவற்றிலும் மேம்பட்டு விளங்கினார்கள் என்று அடுத்து வந்த ஆய்வுகள் கூறின. அங்கிருந்து அது பள்ளிச் சுவரொட்டிகளுக்கும் ஊக்கப் பேச்சுகளுக்கும் பரவி, பொறுமை இல்லாதவன் முன்னேற மாட்டான் என்னும் தீர்ப்பாக மாறிவிட்டது. அப்பள்ளியில் படித்தவர்கள் பெரும்பாலும் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த குடும்பங்களின் பிள்ளைகள் என்பது அந்தப் பயணத்தில் எங்கோ தொலைந்துபோயிற்று.

இதை என் வகுப்பில் சொல்லி முடிப்பதற்குள் யாராவது ஒருவர் கையைத் தூக்கிவிடுவார். அந்தப் பெரியவர் திரும்பி வருவார் என்று அந்தக் குழந்தைக்கு என்ன உறுதி? எங்கள் வீட்டில் இன்று இருப்பதை இன்றே உண்ணாவிட்டால் நாளை அது இருக்காது, அண்ணன் எடுத்துக்கொள்வான். தருவதாகச் சொன்னவர்கள் தராமல் போவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளை உடனே எடுத்து உண்பது அறிவுடைமை இல்லையா? ஒவ்வொரு பருவத்திலும் இந்தக் கேள்வி ஏதோ ஒரு வடிவில் வந்துவிடுகிறது. இதையேதான் 2013-இல் செலஸ்ட் கிட் என்பவரும் உடன் ஆய்வாளர்களும் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் சோதித்தார்கள். 28 குழந்தைகளில் பாதிப் பேருக்கு ஆய்வாளர் முன்னதாகச் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். மீதிப் பேருக்கு நல்ல வண்ணக்குச்சிகள் கொண்டுவருவதாகச் சொல்லிவிட்டு வெறுங்கையோடு வந்தார். அதன்பின் இனிப்பை வைத்தபோது முதல் கூட்டத்துக் குழந்தைகள் சராசரியாகப் பன்னிரண்டு நிமிடங்கள் காத்திருந்தார்கள். ஏமாற்றப்பட்டவர்கள் மூன்று நிமிடங்களே காத்திருந்தார்கள். 2018-இல் டைலர் வாட்ஸும் உடன் ஆய்வாளர்களும் பலதரப்பட்ட குடும்பங்களைச் சேர்ந்த 900-க்கும் மேற்பட்ட குழந்தைகளின் தரவைப் பார்த்தபோது, காத்திருப்புக்கும் பிற்காலத் தேர்ச்சிக்கும் இடையிலான தொடர்பு முதலில் சொல்லப்பட்டதில் ஏறத்தாழப் பாதியாக இருந்தது. குடும்பப் பின்னணியையும் குழந்தையின் தொடக்ககால அறிவுத்திறனையும் கணக்கில் சேர்த்ததும் அதிலும் பெரும்பகுதி மறைந்துவிட்டது.

இங்கே ஆசிரியரின் வேலை என்ன என்பதில்தான் எனக்கும் இளக்கச் சொல்வோருக்கும் வேறுபாடு. 'உன் அனுபவம் மிக மதிப்புடையது' என்று சொல்லி அடுத்த பாடத்துக்குப் போய்விடுவது அந்த மாணவரை மதிப்பதாகாது. அவர் கூறியது ஓர் ஆட்சேபணை. அதைச் சோதிக்கத்தக்க கருதுகோளாக எப்படி மாற்றுவது, எதை மாற்றி எதை அளக்க வேண்டும், இரண்டு கூட்டங்களுக்குக் குழந்தைகளை ஏன் குலுக்கல் முறையில் பிரிக்க வேண்டும், 28 பேர் போதுமா என்றெல்லாம் அவரையே கேட்டு, அவரையே வடிவமைக்கச் செய்து, அதன்பிறகு கிட்டின் கட்டுரையைக் கையில் கொடுக்க வேண்டும். தான் கேட்டதைப் பல்கலைக்கழகம் ஒன்றும் கேட்டிருக்கிறது என்று அவர் காணும்போது அவருக்குக் கிடைப்பது பாராட்டைவிடப் பெரியது. அதே வேளையில், தன் வீட்டில் கண்டது உலகத்துக்கே பொருந்தும் என்று அவர் முடிவுகட்டினால் அதையும் அதே கண்டிப்போடு மறுத்தாக வேண்டும். ஆய்வுமுறையை ஒதுக்கிவிட்டால் இந்த இரண்டில் ஒன்றையும் செய்ய முடியாது.

அறிவுத்திறன் சோதனைகளின் வரலாற்றையும் இவர்களிடமிருந்து ஒளிக்கக் கூடாது என்பது என் எண்ணம். நாங்கள் இருக்கும் இதே நகரத்தின் துறைமுகத்தில், எல்லிஸ் தீவில், 1913-இல் உளவியலாளர் ஹென்றி காடர்டின் உதவியாளர்கள் குடியேறிகளைச் சோதித்தார்கள். நெடும்பயணக் களைப்போடு கப்பலிலிருந்து இறங்கியவர்களை, மொழிபெயர்ப்பாளர் வழியாகக் கேள்வி கேட்டு, சோதிக்கப்பட்ட யூதர், இத்தாலியர், ஹங்கேரியர், ரஷ்யர் ஆகியோரில் ஐந்தில் நான்கு பேர் அறிவு குன்றியவர்கள் என்று காடர்டு எழுதினார். முதல் உலகப்போரின்போது இராணுவத்தினருக்கு நடத்திய தேர்வுகளைக் கொண்டு கார்ல் பிரிகம் என்னும் உளவியலாளர் 1923-இல் இனங்களைத் தரவரிசைப்படுத்தி நூல் எழுதினார். 1930-இல் அம்முடிவுகளுக்கு அடிப்படை இல்லை என்று அவரே அறிவித்தார். இடைப்பட்ட 1926-இல் அவர் வழிகாட்டுதலில் உருவாகி வந்ததே கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்.ஏ.டி. தேர்வு. கல்லூரியில் சேர்ந்ததும் பாட நிலையை முடிவுசெய்ய வைத்த ஒரே தேர்வின் மதிப்பெண்ணால் அடிப்படைக் கணக்குப் பாடத்தில் ஓராண்டு நிறுத்திவைக்கப்பட்டவர்கள் அமர்ந்திருக்கும் வகுப்பில் இதைச் சொல்லும்போது, அளவுகோலின் நம்பகத்தன்மை (மீண்டும் அளந்தாலும் அதே விடை தருவது), செல்லுபடியாகும் தன்மை (அளக்க நினைத்ததையே அளப்பது) ஆகிய கருத்துகளை விளக்க எனக்கு வேறு எடுத்துக்காட்டே வேண்டியதில்லை. கலிஃபோர்னியா 2017-இல் இயற்றிய சட்டம், பாட நிலையை முடிவுசெய்யும் அத்தகைய தேர்வுகளை விட்டுவிட்டுப் பள்ளி மதிப்பெண்களைப் பார்க்கும்படி அங்குள்ள சமுதாயக் கல்லூரிகளைத் திருப்பியது என்பதையும் சேர்த்தே சொல்வேன்.

இதே நகரம் இதே துறையின் வேறொரு பக்கத்தையும் தந்திருக்கிறது. ஹார்லெமில் பணியாற்றிய கென்னத், மேமி கிளார்க் இணையர் கறுப்பினக் குழந்தைகளிடம் பொம்மைகளைக் காட்டி நடத்திய ஆய்வுகளையும் எடுத்துக்கூறிய கென்னத்தின் அறிக்கை, பள்ளிகளில் இனப் பிரிவினையைச் சட்டவிரோதமாக்கிய 1954-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பின் அடிக்குறிப்பில் இடம்பெற்றது. கென்னத் கிளார்க் பல்லாண்டுகள் கற்பித்தது, பின்னாளில் மாணவர்கள் கைப்பற்றிய அதே சிட்டி கல்லூரியில்.

மிகக் கவனமாக நடக்கவேண்டிய பகுதி ஒன்று உண்டு. குழந்தைப் பருவத் துன்பங்களைப் பற்றி ஃபெலிட்டி, ஆண்டா ஆகியோர் 1998-இல் வெளியிட்ட ஆய்வைப் பாடமாக எடுக்கும்போது, அந்தக் கேள்விப் பட்டியலை வகுப்பில் கொடுத்து அவரவர் மதிப்பெண்ணைக் கணக்கிடச் சொல்லும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அதை நான் வன்மையாக எதிர்க்கிறேன். அது மக்கள்தொகை அளவில் நோய்களின் போக்கை அறிய உருவானது. தனி மனிதரின் எதிர்காலத்தைச் சொல்லும் கருவியாக அதைப் பயன்படுத்தக் கூடாது என்று ஆண்டாவே 2020-இல் எழுதியிருக்கிறார். புதன்கிழமை காலை பத்து மணிக்கு ஒருவருடைய பழைய காயத்தைத் திறந்துவிட்டு, பதினொன்றரைக்கு மணியடித்ததும் போய்வரச் சொல்வது கற்பித்தல் ஆகாது. நான் சிகிச்சையாளர் அல்லேன்; அதை முதல் நாளே சொல்லி, ஆலோசனை மையம் எங்கே இருக்கிறது என்பதைப் பாடத்திட்டத்தின் முதல் பக்கத்திலேயே போட்டுவிடுகிறேன். பாட்டியிடம் பத்தாண்டுகள் வளர்ந்து பிறகு தாயிடம் வந்துசேர்ந்த பிள்ளைகள் பலர் என் வகுப்பில் இருப்பதால், குழந்தைக்கும் அதை வளர்ப்பவருக்கும் இடையிலான பிணைப்பைப் பேசும் பற்றுறவுப் பாடத்தையும் உளவியலாளர் மேரி எய்ன்ஸ்வொர்த்தின் பால்டிமோர் ஆய்வகத்திலிருந்து தொடங்காமல், அவர் அதற்கு முன்பே உகாண்டாவின் கிராமங்களில் தாய்மாரையும் குழந்தைகளையும் கவனித்ததிலிருந்து தொடங்குகிறேன். யாரும் தன் கதையைச் சொல்லவேண்டியதில்லை. சொல்லாமலே கேள்வி கேட்க அது இடம் தருகிறது.

பாடத்தின் கனத்தைக் குறைக்காமல் இவர்களைத் தேறவைக்க முடியுமா என்று கேட்பவர்களுக்கு உளவியலே விடை வைத்திருக்கிறது. படித்ததையே திரும்பப் படிப்பதைவிட, புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்ப்பதே நாள்பட நிற்கிறது என்று ரோடிகரும் கார்ப்பிக்கும் 2006-இல் காட்டினார்கள். எனவே இடைத்தேர்வு ஒன்று, இறுதித்தேர்வு ஒன்று என்று வைக்காமல், வாரந்தோறும் குறைந்த மதிப்பெண்ணுக்குச் சிறு தேர்வு வைக்கிறேன். மூன்று வாரத்துக்கு முந்தைய பாடத்திலிருந்தும் அதில் கேள்வி வரும். ரைஸ் பல்கலைக்கழகத்தின் ஓப்பன்ஸ்டாக்ஸ் 2014-இல் வெளியிட்ட இலவச உளவியல் பாடநூல் இருப்பதால், காசு வரும்வரை புத்தகம் வாங்கக் காத்திருக்கும் நிலை என் வகுப்பில் இல்லை. ஆங்கிலம் புதிதானவர்களுக்குக் கூடுதல் நேரம் தருகிறேன், கேள்வி அதேதான்.

ஒருவர் இரண்டு வாரம் வரவில்லை என்றால் அக்கறையில்லாதவர் என்று முடிவுகட்டுவது எளிது. பிறர் செயலுக்குச் சூழலை விட்டுவிட்டு குணத்தைக் காரணமாகக் காட்டும் அந்தப் பிழையை, 1977-இல் லீ ராஸ் பெயரிட்டதைச் சொல்லி நாமே ஒவ்வொரு பருவமும் கற்பிக்கிறோம். ஆசிரியர் அறையில் அமர்ந்ததும் அதையே செய்கிறோம். நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் 2007-இல் தொடங்கிய ஏசாப் திட்டம் மாணவர்களின் குணத்தைத் தொடவே இல்லை. முழுநேரம் படிக்கச் சொல்லி, கட்டணக் குறையை நிரப்பி, பாடநூலுக்கு உதவி, சுரங்கரயிலுக்கு அட்டை கொடுத்து, அடிக்கடி சந்திக்கும் ஆலோசகர் ஒருவரை நியமித்தது. குலுக்கல் முறையில் பிரித்து ஒப்பிட்டபோது, மூன்றாண்டில் பட்டயம் பெற்றவர்கள் 22 விழுக்காட்டிலிருந்து 40 விழுக்காடாக உயர்ந்தார்கள். ஒஹையோ மாநிலத்துக் கல்லூரிகள் இத்திட்டத்தைப் பின்பற்றியபோது அங்கும் ஏறத்தாழ அதே அளவு உயர்வு கிடைத்தது. இந்த எண்களை என் மாணவர்களிடமும் காட்டுகிறேன், ஏனெனில் தாங்கள் தேறாமல் போனதெல்லாம் தங்கள் குறையே என்று நம்பி வருபவர்கள் அவர்களில் பலர்.

இவ்வளவும் செய்ய ஆசிரியருக்கு நேரம் வேண்டும், அது பெரும்பாலோருக்கு இல்லை. சமுதாயக் கல்லூரி ஆசிரியர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் பகுதிநேரத்தவர். பாடத்துக்கு இவ்வளவு என்று ஊதியம் வாங்கிக்கொண்டு ஒரே நாளில் இரண்டு கல்லூரிகளுக்கு ஓடுபவர்கள், மாணவரோடு உட்கார்ந்து பேச ஓர் அறைகூட இல்லாதவர்கள். வாரந்தோறும் தேர்வு வைத்துத் திருத்துங்கள் என்று அவர்களிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அறிமுகப் பாடத்தை முழுநேர ஆசிரியர்களுக்கு, துறையின் மூத்தவர்களுக்கு ஒப்படைக்க வேண்டும். பகுதிநேரத்தவருக்கு மாணவரைச் சந்திக்கும் நேரத்துக்கும் ஊதியம் தரவேண்டும். ஆய்வுப் பல்கலைக்கழகங்கள் தங்கள் பரிசோதனைகளுக்கு எங்கள் மாணவர்களையும் அழைக்க வேண்டும். பங்கேற்பாளர்களாக மட்டும் அழைக்காமல், கேள்வியை வடிவமைக்கும் மேசையிலும் அவர்களுக்கு இடம் தரவேண்டும். முனைவர் பட்டம் முடிக்கும் நிலையில் இருக்கும் நம் பிள்ளைகள் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது, இந்தக் கல்லூரிகளின் பெயர்களையும் பட்டியலின் மேற்பகுதியிலேயே எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.