ஆஸ்திரேலியத் தோல்விக்குக் காரணம் வீரர்களின் குடும்பங்களோ பெட்டிகளோ அல்ல

ஆஸ்திரேலியாவோடு அதன் மண்ணில் ஆடிய 2024-25 பார்டர்-கவாஸ்கர் கோப்பை டெஸ்ட் தொடரை 3-1 என்ற கணக்கில் இழந்து இந்திய அணி நாடு திரும்பிய சில நாட்களிலேயே கிரிக்கெட் வாரியம் வீரர்களுக்குப் பத்துக் கட்டுப்பாடுகளை விதித்தது. 45 நாட்களுக்கு மேல் நீளும் வெளிநாட்டுப் பயணத்தில் குடும்பத்தினர் இரண்டு வாரங்கள் மட்டுமே உடன் தங்கலாம், எல்லோரும் அணியோடு சேர்ந்தே பயணம் செய்ய வேண்டும், பெட்டிகளின் எடைக்கு வரம்பு உண்டு, சொந்தச் சமையல்காரரையும் உதவியாளரையும் இஷ்டத்துக்கு அழைத்து வரக்கூடாது, தொடர் முடியும் வரை விளம்பரப் படப்பிடிப்பு கூடாது என்று அந்தப் பட்டியல் போகிறது. உள்ளூர்ப் போட்டிகளில் ஆடுவது கட்டாயம் என்ற ஒன்றே ஒன்றைத் தவிர, அதில் உள்ள எதற்கும் அந்தத் தோல்வியோடு தொடர்பில்லை என்பது என் உறுதியான கருத்து. மனைவியும் பிள்ளைகளும் உடன் இருந்ததால் யாரும் ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே போகும் பந்தைத் தொட்டு ஆட்டமிழக்கவில்லை. அட்டவணை போட்டவர்களும் அணியைத் திட்டமிட்டவர்களும் பதில் சொல்ல வேண்டிய தோல்வி அது. அந்தப் பொறுப்பு வீரர்களின் பெட்டிகள் மீது சுமத்தப்பட்டது.

பெர்த்தில் முதல் டெஸ்டின் முதல் பந்து வீசப்படுவதற்கு முன்பே நடந்தவற்றைப் பார்க்க வேண்டும். 2024 செப்டம்பரில் நடந்த உள்ளூர்ப் போட்டியான துலீப் கோப்பையில் ரோஹித், கோலி, பும்ரா, அஸ்வின் ஆகியோர் ஆடவில்லை. அக்டோபரில் பெங்களூருவில் நியூசிலாந்துக்கு எதிராக 46 ரன்களுக்குச் சுருண்டோம். சொந்த மண்ணில் இந்தியா எடுத்த மிகக் குறைந்த ரன் அதுதான். அதன் பிறகு புனேவிலும் மும்பையிலும் தோற்றதில், 12 ஆண்டுகளாக உள்நாட்டில் தொடரையே இழக்காத அணி மூன்று டெஸ்டுகளையும் பறிகொடுத்தது. மும்பை டெஸ்ட் நவம்பர் 3 அன்று முடிந்தது. பெர்த் டெஸ்ட் நவம்பர் 22 அன்று தொடங்கியது. இந்த இடைவெளியில் ஆஸ்திரேலிய அணி ஒன்றோடு மோதும் ஒரு முதல்தரப் பயிற்சி ஆட்டம்கூட வைக்கவில்லை. பழைய வாக்கா மைதானத்தில் தங்களுக்குள்ளேயே ஓர் ஆட்டம் ஆடிக்கொண்டார்கள். இரண்டாம் நிலை அணியான இந்திய ஏ அணி அதே சமயத்தில் ஆஸ்திரேலியாவில் ஆடிக்கொண்டிருந்தும், முதன்மை அணியிலிருந்து கே.எல்.ராகுலும் துருவ் ஜுரெலும் மட்டுமே மெல்போர்ன் ஆட்டத்துக்கு முன்கூட்டி அனுப்பப்பட்டார்கள்.

இதற்கு முந்தைய இரண்டு ஆஸ்திரேலியப் பயணங்களிலும் நாம் தொடரை வென்றோம். 2018-19இல் சிட்னியில் நான்கு நாள் ஆட்டம் ஒன்றில் ஆடிய பிறகுதான் அடிலெய்டில் இறங்கினோம். 2020-21இல், கொரோனா கட்டுப்பாடுகளுக்கு நடுவிலும், மூன்று நாள் பயிற்சி ஆட்டங்கள் இரண்டு நடந்தன; அவற்றில் ஒன்று சிட்னி மைதானத்தில் பகலிரவு ஆட்டம். அப்படி ஆடியும் அடிலெய்டில் 36 ரன்களுக்கு ஆட்டமிழந்தோம் என்று சிலர் சொல்வார்கள். ஆமாம், ஆட்டமிழந்தோம். ஆனால் அதே தொடரில் கோலி ஊர் திரும்பி, ஷமி கை முறிந்து, பும்ராவும் அஸ்வினும் ஜடேஜாவும் விலகிய பிறகு பிரிஸ்பேனில் வென்ற அணியில், வலைப்பந்து வீச்சாளராகப் போன சேலத்து நடராஜனும் சென்னை வாஷிங்டன் சுந்தரும் இருந்தார்கள். அந்த மண்ணில் வாரக்கணக்கில் பந்து போட்டுப் பழகியிருந்தவர்கள் அவர்கள்.

2024இல் பெர்த் வெற்றி உண்மையிலேயே மகத்தானது. 150க்கு ஆட்டமிழந்த பிறகு பும்ரா 30 ரன்கள் கொடுத்து ஐந்து விக்கெட்டுகள் எடுத்து ஆஸ்திரேலியாவை 104இல் முடக்கியதும், ஜெய்ஸ்வால் 161 அடித்ததும், 295 ரன் வித்தியாசத்தில் வென்றதும் யாரும் எளிதில் மறக்கக்கூடியவை அல்ல. பயிற்சி ஆட்டமே இல்லாமல் வென்றோமே என்ற கேள்வி நியாயமானதுதான். பெர்த்தில் முன்கூட்டியே போய்த் தங்கி, அங்கே பந்து எகிறும் பவுன்ஸுக்குப் பழகினார்கள். அது பலன் தந்தது. அடுத்து பகலிரவு ஆட்டமாக இளஞ்சிவப்புப் பந்தில் ஆட வேண்டிய அடிலெய்டுக்கு முன்னால் கான்பெராவில் கிடைத்தது இரண்டு நாள் ஆட்டம். அதிலும் ஒரு நாளை மழை கொண்டுபோனது. குழந்தை பிறந்ததையொட்டித் தாமதமாக அணியோடு சேர்ந்த கேப்டன் ரோஹித்துக்கு அந்த மிச்சம் மட்டுமே முன்தயாரிப்பு. அடிலெய்டில் ஸ்டார்க் 48 ரன்களுக்கு ஆறு விக்கெட் எடுக்க, 180, 175 என்று இரண்டு இன்னிங்ஸிலும் சரிந்து பத்து விக்கெட் வித்தியாசத்தில் தோற்றோம்.

அணித் தேர்வில் இருந்த குழப்பத்துக்குச் சுழற்பந்து வீச்சாளரின் இடத்தைப் பார்த்தாலே போதும். பெர்த்தில் வாஷிங்டன், அடிலெய்டில் அஸ்வின், பிரிஸ்பேனில் ஜடேஜா என்று மூன்று டெஸ்டுகளில் மூன்று பேர். மெல்போர்னிலும் சிட்னியிலும் வாஷிங்டன், ஜடேஜா இருவரும் ஆடினார்கள். ஒரு நீண்ட பயணத்துக்கு நாம் எந்தத் திட்டத்தோடு போனோம் என்று இதிலிருந்து யாராவது சொல்ல முடியுமா? 106 டெஸ்டுகளில் 537 விக்கெட்டுகள் எடுத்த அஸ்வின் பிரிஸ்பேன் ஆட்டம் முடிந்ததும் ஓய்வை அறிவித்துவிட்டு, தொடரின் நடுவிலேயே சென்னை திரும்பினார். பெர்த்திலேயே அந்த முடிவு அவர் மனதில் இருந்தது என்றும், அடிலெய்டு டெஸ்ட் வரை இருக்கும்படி தானே கேட்டுக்கொண்டதாகவும் ரோஹித் அன்று சொன்னார். ஓய்வு பெறுவது அவருடைய உரிமை; அதில் நமக்குச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நான்கு ஆண்டுகளுக்கு முன் சிட்னியில் முதுகு வலியோடு 128 பந்துகள் நின்று, விஹாரியோடு சேர்ந்து டெஸ்டைக் காப்பாற்றிய ஒருவருக்கு இந்தப் பயணத்தில் தன் இடம் எது என்பதைப் பயணம் தொடங்கும் முன்பே தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டாமா? இது தமிழ்நாட்டுக்காரர் என்பதால் எழும் ஆதங்கம் மட்டும் அல்ல. எந்த மாநிலத்து வீரராக இருந்தாலும் இதையே கேட்டிருப்பேன்.

பேட்டிங்கிலும் இதே தடுமாற்றம். கேப்டன் ரோஹித் அடிலெய்டிலும் பிரிஸ்பேனிலும் ஆறாவது இடத்தில் ஆடினார். மெல்போர்னில் தொடக்க வீரராக மாறினார். அதற்காக ராகுல் மூன்றாவது இடத்துக்கு இறங்க, கில் அணியிலிருந்தே வெளியேறினார். சிட்னியில் கேப்டனே வெளியில் உட்கார்ந்தார். ஐந்து இன்னிங்ஸில் அவர் எடுத்தது 31 ரன்கள். கோலி பெர்த்தில் சதம் அடித்தது போக, ஆட்டமிழந்த எட்டு முறையும் கீப்பரிடமோ ஸ்லிப் பகுதியிலோ கேட்ச் கொடுத்தார். அவற்றில் நான்கு ஆஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர் போலண்ட் பந்தில். பந்து அதே இடத்தில் விழுகிறது, இடது கால் முன்னே வருகிறது, மட்டை உடலைவிட்டு விலகிப் போகிறது, விளிம்பில் படுகிறது. இவ்வளவு பெரிய ஆட்டக்காரருக்கு இந்தக் குறை தெரியாமல் இருந்திருக்காது. ஆனால் டெஸ்டுக்கும் டெஸ்டுக்கும் நடுவில் கிடைக்கும் சில நாட்களில், வலைப்பயிற்சியில் மட்டும் நின்று, ஊறிப்போன பழக்கத்தை யாராலும் மாற்ற முடியாது. அதற்கு நான்கு நாள் ஆட்டங்கள் வேண்டும். ஆட்டமிழந்தால் உட்கார்ந்து யோசிக்கும் நேரமும், அடுத்த வாரமே மீண்டும் ஆடிப் பார்க்கும் வாய்ப்பும் வேண்டும். அவர் அதற்கு முன் ரஞ்சிக் கோப்பையில் ஆடியது 2012இல். தொடர் முடிந்த பிறகு, 2025 ஜனவரியில் அவரும் ரோஹித்தும் ரஞ்சி ஆட வந்தார்கள். அதே ஆண்டு மே மாதத்தில் இருவரும் டெஸ்டிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார்கள்.

இந்தப் பயணத்தில் வெல்வதற்கு ஆள் இல்லாமல் இல்லை என்பதை மெல்போர்ன் டெஸ்ட் காட்டியது. ஜெய்ஸ்வால் 82இல் ரன் அவுட் ஆனதும் 153 ரன்களுக்கு இரண்டு விக்கெட் என்ற நிலை 159க்கு ஐந்து என்று மாறியது. அங்கிருந்து எட்டாவது ஆளாக வந்த நிதிஷ் குமார் ரெட்டியும் 162 பந்துகள் நின்று அரைசதம் அடித்த வாஷிங்டனும் சேர்த்தது 127 ரன்கள். நிதிஷ் 99இல் எதிர்முனையில் நிற்கிறார், ஒன்பதாவது விக்கெட்டாக பும்ரா போய்விட்டார், கம்மின்ஸ் ஓவரில் மிச்சம் மூன்று பந்துகள். கடைசி ஆளான சிராஜ் அந்த மூன்றையும் தடுத்து நிறுத்தினார். அடுத்த ஓவரில் போலண்ட் பந்தை நிதிஷ் தூக்கி அடித்து நான்கு ரன்கள் எடுத்துச் சதத்தை எட்டியபோது, அரங்கில் அவருடைய தந்தை அழுதுகொண்டிருந்தார். குடும்பத்தினர் கவனத்தைச் சிதறடிக்கிறார்கள் என்ற வாதத்தைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் காட்சிதான் நினைவுக்கு வரும். ஐந்தாம் நாள் தேநீர் இடைவேளை வரை அந்த ஆட்டம் டிராவில் முடியும் என்றே தோன்றியது. ஜெய்ஸ்வாலும் ரிஷப் பந்த்தும் ஒரு முழு அமர்வை விக்கெட் இழக்காமல் கடந்திருந்தார்கள். பிறகு டிராவிஸ் ஹெட்டின் பந்தைப் பந்த் தூக்கி அடித்து எல்லைக்கோட்டருகே பிடிபட, கடைசி ஏழு விக்கெட்டுகள் 34 ரன்களுக்குள் விழுந்து 155இல் ஆட்டம் முடிந்தது. நீண்ட நேரம் நின்று ஆடும் பொறுமை அன்றாடப் பழக்கத்தில்தான் வரும். 2018-19இல் 521 ரன்கள் குவித்த புஜாராவுக்கு அது இங்கிலாந்தின் யார்க்ஷயரிலும் சௌராஷ்டிராவிலும் ஆடி ஆடி வந்தது.

என்னை மிகவும் வருத்துவது பும்ராவுக்கு நேர்ந்ததுதான். 151.2 ஓவர்கள், 32 விக்கெட்டுகள், சராசரி 13.06, தொடர் நாயகன் விருது. ஷமி காயத்திலிருந்து முழுமையாக மீளவில்லை என்பது முன்பே தெரிந்த செய்தி. சிராஜ் 20 விக்கெட்டுகள் எடுத்து உழைத்தார். மற்றவர்கள் அனுபவம் குறைந்தவர்கள். ஆகவே விக்கெட் வேண்டும் என்றாலும் பும்ரா, ரன்னைக் கட்டுப்படுத்த வேண்டும் என்றாலும் பும்ரா, ரோஹித் இல்லை என்றால் கேப்டனும் பும்ரா. மெல்போர்ன் ஆட்டத்தில் மட்டும் 53.2 ஓவர்கள் வீசினார். அது முடிந்து நான்காம் நாள் சிட்னியில் மீண்டும் இறங்கினார். பத்து ஓவர்களோடு முதுகு பிடித்துக்கொண்டு ஸ்கேன் எடுக்கப் போனார். இரண்டாவது இன்னிங்ஸில் அவர் பந்து வீசவே இல்லை. 162 ரன்கள் என்ற இலக்கை ஆஸ்திரேலியா 27 ஓவர்களில் எட்டியது. பத்து ஆண்டுகளுக்குப் பிறகு கோப்பை கைமாறியது, உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப் இறுதிப் போட்டிக்கான வாய்ப்பும் போயிற்று, சாம்பியன்ஸ் கோப்பையில் பும்ரா ஆட முடியாமலும் போயிற்று.

ஆறு மாதங்களுக்குள் இங்கிலாந்தில் வேறு மாதிரி நடந்துகொண்டதையும் சொல்ல வேண்டும். கேன்டர்பரியிலும் நார்த்தாம்ப்டனிலும் நடந்த இந்திய ஏ அணியின் ஆட்டங்களில் ஜெய்ஸ்வால், நிதிஷ், கருண் நாயர் போன்றோர் ஆடினார்கள். ராகுலும் இரண்டாவது ஆட்டத்தில் சேர்ந்து சதம் அடித்தார். பும்ரா மூன்று டெஸ்டுகளில்தான் ஆடுவார் என்று முன்கூட்டியே முடிவு செய்து, அதில் உறுதியாகவும் இருந்தார்கள். அவர் இல்லாத பர்மிங்காமிலும் ஓவலிலும் வென்று தொடரை 2-2 என்று சமன் செய்தோம். பர்மிங்காமில் ஆகாஷ் தீப் பத்து விக்கெட்டுகள் எடுத்தார்; ஐந்து டெஸ்டுகளிலும் ஆடிய சிராஜ் 23 விக்கெட்டுகள் எடுத்தார். இங்கிலாந்து ஆடுகளங்கள் அந்தக் கோடையில் பேட்டிங்குக்குச் சாதகமாக இருந்தன என்பது உண்மையே. இருந்தாலும் தயாராகிப் போன அணிக்கும் நேராகப் போய் இறங்கிய அணிக்கும் உள்ள வேறுபாடு கண்கூடாகத் தெரிந்தது.

ஆகவே வாரியத்திடம் நான் எதிர்பார்ப்பது இதுதான். ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா, இங்கிலாந்து, நியூசிலாந்து ஆகிய நாடுகளுக்கான டெஸ்ட் அட்டவணையை அறிவிக்கும்போதே, முதல் டெஸ்டுக்கு முன்னால் குறைந்தது ஒரு நான்கு நாள் ஆட்டத்தையும் தேதியோடு அறிவிக்க வேண்டும். முதன்மை வீரர்கள் அதில் கட்டாயம் ஆட வேண்டும். ஐபிஎல்லுக்கும் இருபது ஓவர் தொடர்களுக்கும் நாள் ஒதுக்குகிறவர்களால் இதற்கு ஐந்து நாட்கள் ஒதுக்க முடியாது என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. வேகப்பந்து வீச்சாளர்கள் யார் எந்த டெஸ்டில் ஓய்வெடுப்பார்கள் என்பதையும் விமானம் ஏறும் முன்பே முடிவு செய்துவிட வேண்டும். குடும்பங்கள் எத்தனை நாள் தங்கலாம் என்ற விதியை அதன் பிறகு சாவகாசமாகப் பேசிக்கொள்ளலாம்.